குடும்ப நலம்: கத்தியில்லாத சிகிச்சை

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று இரண்டு இடத்தில் அடிக்கோடு வேறு இழுத்திருக்கிறார். போடவில்லை. ஆனால் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் இதே கவலை இன்னும் எத்தனையோ வீடுகளில் சமையலறைக்குள்ளேயே புகைந்துகொண்டிருக்கும்.

"என் கணவருக்கு வயது 66. இரவில் நாலைந்து தடவை எழுந்து போகிறார். கேட்டால், 'வயசானால் அப்படித்தான்' என்று என் வாயை அடைத்துவிடுவார். மூத்த மாப்பிள்ளைதான் வற்புறுத்தி அழைத்துக்கொண்டு போனார். ரத்தப் பரிசோதனை, படம், ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்ப்பது என்று ஒவ்வொன்றாக நடந்து, கடைசியில் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், ஆரம்ப நிலைதான் என்றார்கள். காகிதத்தில் '3+4=7' என்று போட்டிருக்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆபரேஷன் செய்து சுரப்பியையே எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். லண்டனில் இருக்கும் என் பெண், 'அவசரப்படாதே அம்மா, இங்கே கத்தியே வைக்காமல், படத்தைப் பார்த்துக்கொண்டே ஒலி அலையால் சுட்டுவிடுகிறார்கள்' என்கிறாள். என் மைத்துனரோ, 'ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தாலே போதும்' என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? என் வளையல்களை விற்கவும் தயாராக இருக்கிறேன். அவரோ பேச்செடுத்தாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார்."

மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். இதில் விசேஷம் என்னவென்றால், மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எந்த உண்மை எந்த நோயாளிக்குப் பொருந்தும் என்பதுதான் கேள்வி. அதற்கு முதலில் சுரப்பியைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கே இருக்கிறது?

புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. அக்ரோட்டுக் கொட்டை அளவுதான் இருக்கும். சிறுநீர்ப் பைக்கு நேர் கீழே, மலக்குடலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. சிறுநீர்க் குழாய் இதன் நடுவே துளைத்துக்கொண்டு வருகிறது. தாம்பத்திய உறவுக்கு வேண்டிய நரம்புகள் இதன் இரு பக்கமும் ஒட்டினாற்போல் ஓடுகின்றன. நீரை அடக்கி வைக்கும் தசையும் இதன் கீழ் முனையை ஒட்டியே இருக்கிறது. ஒரு சிறிய வீட்டில் பூஜை அறை, சமையலறை, குளியலறை எல்லாம் ஒட்டி ஒட்டி இருப்பது போலத்தான். ஒரு சுவரை இடித்தால் பக்கத்து அறைக்கும் சேதம் வரலாம். சிகிச்சையிலுள்ள சிரமமெல்லாம் இந்த நெருக்கத்தினால் வருவதே.

இரவில் அடிக்கடி எழுந்திருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. வயதாக ஆக இந்தச் சுரப்பி தானாகவே பருத்து, நடுவில் போகும் குழாயை நெருக்குகிறது. அது வேறு உபாதை, புற்றுநோயாக மாறுவதில்லை. புற்றுநோயோ அநேகமாகச் சுரப்பியின் வெளிப் பகுதியில் தோன்றுகிறது. ஆரம்பத்தில் வலியும் இல்லை, அடையாளமும் இல்லை. ஆகவே நம் சகோதரியின் கணவருக்கு இரண்டும் தனித் தனியாக இருக்கக்கூடும். புற்றுநோய்க்குச் சிகிச்சை செய்துகொண்டால் இரவுத் தூக்கமும் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்துவிட்டு, பிறகு ஏமாறக் கூடாது. அதைத் தனியாக டாக்டரிடம் கேட்க வேண்டும்.

அந்த 3+4 என்ன?

1966-ல் அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்தில் டொனால்ட் கிளீசன் என்ற டாக்டர் ஒரு கணக்கு வகுத்தார். எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அதில் எந்த விதமான அணுக்கள் அதிகமாக இருக்கின்றனவோ அதற்கு ஒரு எண், அதற்கு அடுத்தபடியாக இருப்பதற்கு ஓர் எண். இரண்டையும் கூட்ட வேண்டியது. இப்போது நடைமுறையில் 6 என்றால் மிகவும் சாது. 10 என்றால் பொல்லாதது.

7-ஆம் எண்தான் குழப்பம் தருவது. 3+4 என்றாலும் 7. 4+3 என்றாலும் 7. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முதலாவதில் சாதுவான பங்கு அதிகம். இரண்டாவதில் முரட்டுப் பங்கு அதிகம். கூட்டுத் தொகையை மட்டும் பார்க்காமல், எது முன்னால் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நம் சகோதரியின் காகிதத்தில் 3 முன்னால் நிற்கிறது. அது ஆறுதலான விஷயம். அதற்காக அலட்சியமாக இருந்துவிடவும் கூடாது. இது நடுத்தர வகை.

'சும்மா இரு' என்பது சரியா?

மைத்துனர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் 1999 முதல் 2009 வரை கண்டுபிடிக்கப்பட்ட, சுரப்பிக்குள்ளேயே அடங்கிய புற்றுநோய் உள்ள 1,643 ஆண்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டது போல் மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். எல்லோரும் 50 வயதிலிருந்து 69 வயது வரை உள்ளவர்கள். ஒரு கூட்டத்துக்கு ஆபரேஷன். ஒரு கூட்டத்துக்குக் கதிர்வீச்சு. மூன்றாவது கூட்டத்துக்குச் சிகிச்சையே இல்லை, ரத்தத்தை அடிக்கடி சோதித்துக் கண்காணிப்பது மட்டும்.

15 வருஷத்துக்குப் பிறகு, 2023-ல், முடிவை வெளியிட்டார்கள். அந்த 1,643 பேரில் இந்த நோயினால் இறந்தவர்கள் 45 பேர்தான். நூற்றுக்கு மூன்று பேர் கூட இல்லை. மூன்று கூட்டத்திலும் அநேகமாக ஒரே மாதிரிதான். மற்ற வியாதிகளையும் சேர்த்து இறந்தவர்கள் 356 பேர். அதாவது, இந்தப் புற்றுநோயை விட மற்றக் காரணங்களே அவர்களைக் கொண்டுபோயின.

ஆனால் கணக்கின் இன்னொரு பக்கமும் உண்டு. கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் நூற்றுக்கு 9 பேருக்கு நோய் உடம்பின் மற்ற இடங்களுக்குப் பரவியது. சிகிச்சை செய்துகொண்ட கூட்டங்களில் அது நூற்றுக்கு 5 பேர் அளவுதான். மேலும், கண்காணிப்பில் ஆரம்பித்தவர்களில் நூற்றுக்கு 61 பேர் அந்த 15 வருஷத்துக்குள் ஏதோ ஒரு கட்டத்தில் சிகிச்சைக்கு வந்து சேர்ந்தார்கள். 'சும்மா இருப்பது' என்றால் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடுவது அல்ல. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பது போல. பொங்கும் சமயத்தில் இறக்கத் தெரிய வேண்டும்.

இதில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சாதுவான வகைதான் இருந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கிளீசன் 6 என்று வந்தால், கண்காணிப்பே முதல் வழி என்று இன்று நிபுணர்கள் சொல்கிறார்கள். 3+4 என்றால், சிலருக்குக் கண்காணிப்புப் பொருந்தும், சிலருக்குப் பொருந்தாது.

படம் பார்த்துச் சுடுவது

இனி மகள் சொன்ன விஷயம். வெயிலில் பூதக்கண்ணாடியைப் பிடித்துக் காகிதத்தைக் கருக்கிய விளையாட்டு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கதிர்கள் குவியும் ஒரு புள்ளியில் மட்டும் தீப் பிடிக்கும். கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவில் கையை நீட்டினால் அவ்வளவாகச் சுடாது. செவிக்குக் கேட்காத ஒலி அலைகளையும் அதே மாதிரி குவிக்கலாம் என்று 1942-லேயே அமெரிக்காவில் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1950-களில் இல்லினாய் சர்வகலாசாலையில் ஃப்ரை சகோதரர்கள் அதை மூளைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். புராஸ்டேட்டுக்கு இதைக் கொண்டுவந்ததில் 1990-களில் பிரான்ஸ் தேசத்து லியோன் நகர டாக்டர்களுக்கு முக்கியப் பங்கு உண்டு.

நோயாளிக்கு மயக்க மருந்து கொடுக்கிறார்கள். மலக்குடல் வழியாக ஒரு கருவியைச் செலுத்துகிறார்கள். அதுவே படமும் காட்டும், ஒலியையும் குவிக்கும். குவியும் இடம் ஓர் அரிசி மணி அளவுதான். சில விநாடிகளில் அந்த இடத்தின் சூடு 60 டிகிரி செண்டிகிரேடுக்கு மேல் ஏறி, அணுக்கள் வெந்து செத்துப் போகின்றன. அரிசி அரிசியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கெட்ட பகுதி முழுவதையும் நிரப்புகிறார்கள்.

கனடாவில் டொராண்டோ நகரத்தில் உருவான இன்னொரு முறையில், கருவியைச் சிறுநீர்க் குழாய் வழியாகவே செலுத்தி, உள்ளேயிருந்து வெளிப்பக்கமாகச் சூடு ஏற்றுகிறார்கள். நோயாளி எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுத்திருப்பார். அந்த இயந்திரம் படத்தைக் காட்டுவதோடு, எந்த இடத்தில் எவ்வளவு சூடு என்றும் அப்போதைக்கப்போது காட்டிக்கொண்டே இருக்கும். 55 டிகிரி எட்டியதா என்று பார்த்துப் பார்த்துச் சுடுகிறார்கள். மலக்குடல் வெந்துவிடாமல் அங்கே குளிர்ந்த நீரை ஓட விடுகிறார்கள். இதற்கு அமெரிக்க அரசாங்கம் 2019-ல் அனுமதி கொடுத்தது.

இதற்கு நேர் மாறாக உறைய வைக்கும் முறையும் உண்டு. மெல்லிய ஊசிகளுக்குள் ஆர்கான் வாயுவை விட்டு, கெட்ட இடத்தைப் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரை குளிர வைத்து, பிறகு இளக விட்டு, மறுபடியும் உறைய வைக்கிறார்கள். அந்தச் சமயத்தில் சிறுநீர்க் குழாயில் மட்டும் வெந்நீர் ஓடிக்கொண்டிருக்கும், அது கெடாமல் இருப்பதற்காக.

இவற்றுக்கெல்லாம் ஆதாரம், கெட்ட இடம் எது என்று திட்டமாகத் தெரிவதுதான். முன்பெல்லாம் கண்ணைக் கட்டிக்கொண்டு குத்துவது போல் ஊசியைப் போட்டுச் சதை எடுத்தார்கள். 2017-லும் 2018-லும் வெளியான இரண்டு பெரிய ஆராய்ச்சிகள், முதலில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்துவிட்டு, சந்தேகமான இடத்தில் ஊசி போடுவதே மேல் என்று காட்டின. அதன் பிறகுதான் 'கெட்ட மூலையை மட்டும் சுடலாம்' என்ற எண்ணத்துக்குப் பலம் வந்தது.

லாபம் எவ்வளவு, நஷ்டம் எவ்வளவு?

லாபம் அந்தப் பக்கத்து அறைகளைக் காப்பாற்றுவதில் இருக்கிறது. முழுச் சுரப்பியையும் எடுத்தால் சிலருக்குச் சிறுநீர் கசிவு நின்றுவிடுவதில்லை. பலருக்குத் தாம்பத்திய சக்தி குறைந்துவிடுகிறது. லண்டன் யூனிவர்சிடி காலேஜ் டாக்டர்கள் கெட்ட இடத்தை மட்டும் ஒலியால் சுட்ட 41 பேரைப் பற்றி 2012-ல் எழுதினார்கள். முன்பு நல்ல சக்தியுடன் இருந்த 35 பேரில் 31 பேருக்கு ஒரு வருஷத்துக்குப் பிறகும் அது போதுமானதாக இருந்தது. முன்பு கசிவு இல்லாதிருந்த 38 பேருக்கும் கசிவு தங்கவில்லை. மகள் ஆசைப்படுவது வீண் ஆசை அல்ல.

நோய் போயிற்றா என்பது அடுத்த கேள்வி. நம் சகோதரியின் கணவரைப் போல நடுத்தர வகை நோய் உள்ள 101 பேருக்கு அமெரிக்காவில் எம்.ஆர்.ஐ. பார்த்துக்கொண்டே ஒலி அலையால் சுட்டார்கள். 2022-ல் வெளியான கணக்கு இது. ஆறு மாதம் கழித்துச் சதை எடுத்துப் பார்த்தபோது, சுட்ட இடத்தில் நூற்றுக்கு 95 பேருக்கு அந்த வகை நோய் இல்லை. இரண்டு வருஷம் கழித்து மறுபடி பார்த்தபோது, நூற்றுக்கு 88 பேருக்கு இல்லை. நல்ல கணக்குத்தான். ஆனால் '95' என்பது '88' ஆகிவிட்டதையும் கவனிக்க வேண்டும். அதுவும் சுட்ட இடத்தைப் பற்றிய கணக்கு மட்டுமே. சுடாமல் விட்ட பகுதியிலும் நோய் இருக்கலாம், அல்லது பிறகு தோன்றலாம். தோட்டத்தில் ஒரு பாத்தியில் களை எடுத்தால் அடுத்த பாத்தியில் முளைக்காது என்று உத்தரவாதம் இல்லை அல்லவா?

அதனால்தான் அமெரிக்கச் சிறுநீரக சர்ஜன்களின் சங்கமும் கதிர்வீச்சு டாக்டர்களின் சங்கமும் 2022-ல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டன: இந்தப் புதிய முறைகளை ஆபரேஷனோடும் கதிர்வீச்சோடும் நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்த்த தரமான ஆதாரம் குறைவு என்பதை நோயாளிக்குச் சொல்லியே தீர வேண்டும் என்று. முரட்டு வகை நோய்க்கு, ஆராய்ச்சிக்கு வெளியே இதைச் செய்யவே கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். சாதுவான வகைக்கோ கண்காணிப்பே போதும். ஆகவே இந்தச் சிகிச்சையின் நியாயமான இடம் நடுவில்தான் இருக்கிறது: நடுத்தர வகை, படத்தில் தெளிவாகத் தெரியும் ஓர் இடம், ஊசிச் சோதனையும் அதே இடத்தைக் காட்டியிருப்பது.

'கத்தியில்லாத' என்பதற்கு 'கஷ்டமில்லாத' என்று அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. சில நாள் ரப்பர் குழாயோடு இருக்க வேண்டியிருக்கும். நீர் அடைத்துக்கொள்ளலாம், எரிச்சல், ஜுரம் வரலாம், பிறகு குழாய் சுருங்கிப் போகவும் கூடும். மிக அபூர்வமாக மலக்குடலுக்கும் சிறுநீர்க் குழாய்க்கும் நடுவே துவாரம் விழுந்துவிடுவதும் உண்டு.

பிறகும் விடுதலை இல்லை. முழுச் சுரப்பியையும் எடுத்துவிட்டால் ரத்தத்தில் 'பி.எஸ்.ஏ.' என்ற எண் ஏறத்தாழப் பூஜ்யமாகிவிடும். மறுபடி ஏறினால் உடனே தெரிந்துவிடும். ஒரு மூலையை மட்டும் சுட்டால், மீதிச் சுரப்பி அதைச் சுரந்துகொண்டேதான் இருக்கும். அதனால் ரத்தம், எம்.ஆர்.ஐ., தேவையானால் மறுபடி ஊசி என்று வருஷக் கணக்கில் போய் வர வேண்டும். தொடர்ந்து போக முடியாதவருக்கு, வெளியூர் வெளிநாடு என்று போய்ச் செய்துகொண்டு திரும்பி வந்து மறந்துவிடுகிறவருக்கு, இந்தச் சிகிச்சை ஏற்றதல்ல. வளையலை விற்பதற்கு முன் செலவுக் கணக்கில் இந்த வருஷங்களையும் சேர்க்க வேண்டும்.

சகோதரி செய்ய வேண்டியது

முதலாவது, பதற வேண்டாம். சுரப்பிக்குள் அடங்கிய 3+4 வகை, இன்று மாலைக்குள் முடிவு செய்தாக வேண்டிய நோயல்ல. சில வாரங்கள் யோசிக்க அவகாசம் உண்டு. அதே சமயம், அவகாசம் என்பது மறந்துவிடுவதற்கு அல்ல.

இரண்டாவது, காகிதங்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, இன்னொரு நிபுணரிடமும் அபிப்பிராயம் கேளுங்கள். அறுக்கிறவர் ஒருவர், கதிர்வீச்சுக் கொடுக்கிறவர் ஒருவர் என்று இருவரையும் பார்ப்பது உத்தமம். கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்:

நோய் ஓர் இடத்திலா, பல இடத்திலா? எம்.ஆர்.ஐ. படமும் ஊசிச் சோதனையும் ஒத்துப் போகின்றனவா? 4 என்ற முரட்டுப் பங்கு நூற்றுக்கு எவ்வளவு? கண்காணிப்பு இவருக்குப் பொருந்தாது என்றால் ஏன்? சுடும் முறையை அந்த ஆஸ்பத்திரியில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்கள்? நோய் திரும்பி வந்தால் அடுத்தது என்ன? இரவு எழுந்திருக்கும் உபாதைக்கு என்ன மருந்து?

மூன்றாவதுதான் கஷ்டமானது: வாசலுக்குப் போய்விடுகிற கணவர். அவர் புற்றுநோய்க்கு மட்டுமா பயப்படுகிறார்? கசிவு வந்து நாலு பேர் முன்னால் தலை குனிய நேருமோ என்று பயப்படுகிறாரோ என்னவோ. இத்தனை வருஷம் உங்களுக்குக் கணவனாக இருந்தது மாறிப் போகுமோ என்றும் இருக்கலாம். இதை எந்த ஆண் பிள்ளை வாய்விட்டுச் சொல்லுவார்? மாப்பிள்ளை முன்னால் நிச்சயம் சொல்ல மாட்டார்.

ஆகையால் பேச்சை நீங்கள் ஆரம்பியுங்கள். 'என்ன முடிவு செய்தீர்கள்?' என்று கேட்காதீர்கள். அது வக்கீல் கேள்வி. இரவு வீடு அடங்கிய பிறகு, 'எனக்கு நீங்கள் இருந்தால் போதும். மற்றது கூடக் குறைய இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். டாக்டரிடம் நானும் வருகிறேன். உங்களுக்குக் கேட்கக் கூச்சமாக இருப்பதை நான் கேட்கிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். ஆயுளில் இரண்டு வருஷம் கூடுவது பெரிதா, இருக்கிற வருஷங்கள் கௌரவமாகக் கழிவது பெரிதா என்பது நீங்களும் டாக்டரும் தீர்மானிக்கிற விஷயம் அல்ல. அவருடைய உடம்பு; அவருடைய விருப்பம். அதை அவர் வாயால் சொல்லத் தைரியம் கொடுப்பது மட்டுமே உங்கள் வேலை. அவர் எதைப் பெரிதாக நினைக்கிறார் என்று தெரிந்துவிட்டால், மேலே எழுதிய கணக்கெல்லாம் தானாகவே ஒரு பக்கம் சாயும்.

ஒருவேளை அவர் ஆபரேஷனே வேண்டும் என்று சொல்லலாம். உடம்புக்குள் நோயை வைத்துக்கொண்டு தூங்க முடியாதவர்கள் உண்டு. கண்காணிப்பே போதும் என்றும் சொல்லலாம். சுடும் முறைக்குத் தகுதியுள்ளவராக இருந்து, அதற்கே சம்மதிக்கவும் செய்யலாம். விவரம் தெரிந்து எடுத்த முடிவானால் மூன்றுமே மரியாதைக்குரிய முடிவுதான். மைத்துனருக்கும் மகளுக்கும் அதைச் சொல்லிவிடலாம்.

வளையல்கள் இப்போதைக்குக் கையிலேயே இருக்கட்டும், அம்மா. அந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்த பிறகு, என்ன ஆயிற்று என்று ஒரு கார்டு போடுங்கள்.